பகிடிவதையும் பல்கலைக்கழக ஒழுங்கும்: ஒரு சமூகவியல் நோக்கு

பகிடிவதை என்னும் சொல் ஈழத்துத் தமிழ் வழக்கிற்கே உரியது. தமிழகத்தார் ஆங்கிலச் சொல்லை ‘ராகிங்’ என ஒலிபெயர்த்து வழங்க, நம்மவர் இரு சொற்களை இணைத்து ஒரு தொகைச்சொல்லை ஆக்கிக்கொண்டனர். பகிடி என்பது கேலி, நகைப்பு, விளையாட்டுப் பேச்சு ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொல். வதை என்பது துன்புறுத்தலையும் கொலையையும் உணர்த்தும் சொல். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரண்டும் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடப்பது தற்செயலன்று. அவ்வழக்கத்தின் உள்முரண்பாடே அங்கு பெயராகி நிற்கின்றது. செய்வோர் முதற்பகுதியை அழுத்திச் சொல்வர். அதற்கு உள்ளாவோர் இரண்டாம் பகுதியை உணர்வர்.

இவ்வழக்கம் பற்றி நம்மிடையே இரு விளக்கங்கள் நிலவுகின்றன. முதலாவது, பல்கலைக்கழக நிருவாகமும் மத்தியதர வர்க்கப் பெற்றோரும் பத்திரிகைகளும் பொதுவாக முன்வைப்பது. இளைஞரிடையே ஒழுக்கம் குன்றிவிட்டது, கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, அதன் விளைவே பகிடிவதை என்பது அதன் சாரம். இரண்டாவது, மாணவர் அமைப்புகள் சிலவற்றால் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ பேசப்படுவது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே வளாகத்திற்குள் நுழையும்போது அவர்களிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைத் துடைத்து அவர்களை ஒரே அணியாக்கும் சமத்துவப் பயிற்சி அது என்பர். முதலாவது விளக்கம் வழக்கத்தைக் கண்டிக்கின்றது. இரண்டாவது அதற்கு நியாயம் தேடுகின்றது. எனினும் இரண்டும் ஓர் எடுகோளிற் கூடுகின்றன. பகிடிவதை நிறுவப்பட்ட ஒழுங்கிற்குப் புறம்பானது, அதனை மீறுவது என்பதே அவ்வெடுகோள். இக்கட்டுரை அதனையே வினாவுக்கு உள்ளாக்குகின்றது. பகிடிவதை ஒழுங்கின்மையா, அன்றி அதுவும் ஒருவகை ஒழுங்கா?

வழக்கத்தின் தோற்றுவாய்

பல்கலைக்கழகம் என நாம் பெயர்த்து வழங்கும் இலத்தீன் சொல் ஆதியிற் பல கலைகளைக் குறித்ததன்று. உறுப்பினரை வரையறுத்து, உரிமைகளைப் பேணி, புதியவரைத் தன் விதிப்படி சேர்த்துக்கொள்ளும் கூட்டிணைந்த ஆட்குழுவையே அது குறித்தது. மத்தியகால ஐரோப்பாவின் தொழிற்கணங்கள் எத்தகையனவோ அத்தகையனவே அக்காலத்துப் பல்கலைக்கழகங்களும். கணத்திற் சேரும் பயிலுநன் சில சோதனைகளைத் தாண்டவேண்டியிருந்தமை போலவே, கல்விக் கூடத்திற் சேரும் மாணவனும் தாண்டவேண்டியிருந்தது. புதுமுக மாணவனைக் குறிக்க அங்கு வழங்கிய சொல், அலகின் மஞ்சள் நிறம் மாறாத பறவைக் குஞ்சு என்னும் பொருள்படும் பிறெஞ்சுத் தொடரின் வழி வந்தது. ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் அவனைக் கொம்புள்ள விலங்காக வேடமிடுவித்து, அக்கொம்புகளை அறுத்தெறியும் சடங்கொன்று நிலவியது. நாட்டுப்புறத்திலிருந்து வந்த விலங்கு கல்வியுலகின் மனிதனாகின்றான் என்பது அச்சடங்கின் கருத்து.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அச்சடங்கு பல்கலைக்கழகத்தின் கண்ணிற் படாது மறைவிலே நடந்ததன்று. அதன் அங்கீகாரத்துடன், அநுமதி பெறும் முறையின் ஓர் அங்கமாகவே அது நடந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டிற் சிரேட்ட மாணவர் புதுமுக மாணவரை ஓராண்டு முழுவதும் ஏவலாளராக நடத்தி, அடித்து, அவர்தம் பணத்திற் குடித்துக் களிக்கும் நிலை ஏற்பட்டபோதே அரசுகளும் பல்கலைக்கழகங்களும் அதனைத் தடைசெய்ய முற்பட்டன. நிறுவனத்தின் சடங்கு முதலில், அதன் மிகைப்பாடு பின்னர், தடை இறுதியில் என்னும் இவ்வரிசை நமது வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

இவ்வழக்கம் நம் நாட்டிற்கு வந்தது பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின் வழியாகவேயாம். இங்கிலாந்தின் உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற விடுதிப் பள்ளிகளில் இளைய மாணவர் மூத்த மாணவருக்குக் குற்றேவல் செய்யும் முறை வேரூன்றியிருந்தது. 1828இல் றக்பிப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற தோமஸ் ஆர்னல்ட், பள்ளிச் சீர்திருத்தத்தின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். அவர் அம்முறையை ஒழிக்கவில்லை, நெறிப்படுத்தினார். உயர் வகுப்பு மாணவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்து, அவர்கள் வழியே ஏனையோரைக் கட்டுப்படுத்தினார். ஆளப்பழகுதற்கு முதலிற் கீழ்ப்படியப் பழகவேண்டும் என்பது பேரரசொன்றிற்கு அதிகாரிகளை உற்பத்தி செய்த அப்பள்ளிகளின் கருத்துநிலை. 1857இல் வெளியான தோமஸ் ஹியூஸின் ‘ரொம் பிறவுணின் பள்ளி நாட்கள்’ என்னும் நாவல் இவ்வுலகைச் சித்திரித்துப் பெரும் புகழ் பெற்றது.

கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எழுந்த ஆங்கிலக் கல்லூரிகள் இம்மாதிரியையே தழுவின. இல்லப் பிரிவுகள், மாணவர் தலைவர்கள், கல்லூரிப் பாடல், கிரிக்கெட் ஆகிய யாவும் ஒரு தொகுதியாகவே வந்து சேர்ந்தன. 1879இல் தொடங்கிய றோயல், தோமியன் கல்லூரிகளின் போட்டியும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் சமர்’ எனப்படும் போட்டியும் விளையாட்டு நிகழ்ச்சிகள் மாத்திரமல்ல. அவை ஆண்டுக்கொருமுறை உரிமம் பெற்ற ஆரவாரங்கள். வாத்திய கோஷத்துடன் வாகனங்களில் ஊர்வலம் வருதல், தெருவை மறித்தாடுதல், பெண்கள் பாடசாலை மதில்களுக்குள் அத்துமீறிப் புகுதல் என்பனவெல்லாம் அந்நாட்களிற் ‘பையன்களின் குறும்பு’ எனப் பொறுத்துக்கொள்ளப்படுவதுண்டு. இதே ஆரவாரத்தைத் துறைமுகத் தொழிலாளரோ தோட்டத் தொழிலாளரோ செய்தால் அது குழப்பம் எனப்படும்; பொலிசார் வருவர். எனவே குறும்பு எது, குற்றம் எது என வரையறுப்பது செயலின் தன்மை மாத்திரமன்று, செய்வோரின் வர்க்க நிலையுமாகும்.

பல்கலைக்கழகத்தின் வர்க்க மாற்றம்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் ஆயிரத்துக்கும் குறைவான மாணவருடன் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் முறையைத் தழுவிய விடுதிப் பல்கலைக்கழகம் ஒன்றையே கனவு கண்டார். 1952இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்த அப்பல்கலைக்கழகத்தின் மாணவரிற் பெரும்பாலார் ஆங்கிலக் கல்லூரிகளின் வழிவந்தோராவர். அக்காலப் பகிடிவதை தீங்கற்ற வேடிக்கையாக இருந்தது என மூத்த பட்டதாரிகள் நினைவுகூர்வதுண்டு. அந்நினைவில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் அதன் காரணத்தை அவர்தம் நற்பண்பிலே தேடுதல் தவறு. செய்தோரும் உள்ளானோரும் ஒரே வர்க்கத்தினர், ஒரே மொழியிற் பேசியோர், ஒரே வகைக் கல்லூரியிற் பயின்றோர். ஏற்கெனவே சமமாயிருந்தோரிடையே நடந்த விளையாட்டு அது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்விக் குழு 1943இல் அளித்த அறிக்கையும், 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இந்நிலையை மாற்றின. 1960இற் கலைப்பீடத்திற் சிங்கள, தமிழ் மொழிமூல மாணவர் நுழைந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் உருவாகின. ஒரு தசாப்தத்துள் பல்கலைக்கழகம் கிராமத்தின் பிள்ளைகளுக்கு வாயில் திறந்தது. விவசாயி, சிறுகடைக்காரர், கீழ்மட்ட அரச ஊழியர், பாடசாலை ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகள் பெருந்தொகையாக வந்தனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதும் இவ்விரிவாக்கத்தின் ஒரு கட்டமே.

வாயில் திறந்ததேயன்றி உள்ளிருந்த கட்டமைப்பு மாறவில்லை. புதிய மாணவருக்கு வேண்டிய அளவு விடுதிகள் எழவில்லை. தாய்மொழியிற் பாடநூல்கள் போதியளவு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டம் பெற்றபின் கிடைக்கும் தொழில்கள் ஆங்கிலம் அறிந்தோருக்கே உரியவாயிருந்தன. 1971 ஏப்ரிற் கிளர்ச்சியில் கல்வி பெற்றும் வழியற்று நின்ற கிராமத்து இளைஞர் பெருந்தொகையாகப் பங்குகொண்டமை இம்முரண்பாட்டின் வெளிப்பாடேயாகும். பகிடிவதை வேடிக்கை என்னும் நிலையைக் கடந்து கொடூரமாக உருக்கொண்டமை பற்றிய செய்திகள் பொதுமக்களை அதிரவைத்ததும் அதே தசாப்தத்தில்தான். வித்தியாலங்கார வளாகத்திற் கணித ஆசிரியப் பயிலுநர் துன்புறுத்தப்பட்டமை பற்றி 1970களின் நடுப்பகுதியில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1975இற் பேராதனையில் மாணவி ஒருவர் வதையினின்று தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து, நடமாட முடியாதவரானார்.

சமத்துவ வாதம்

பகிடிவதையின் சமத்துவ வாதம் இச்சூழலிலேயே பிறந்தது. அதனை எளிதில் ஒதுக்கிவிடல் நேர்மையன்று. அதில் ஓர் உண்மையான வர்க்க வேதனை உண்டு. சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்தைக் குறிக்க ‘கடுவ’ என்னும் சொல் வழங்கிவருகின்றது. அதன் பொருள் வாள் என்பது. ஆங்கிலம் பேசுவோர் பேசாதோரை வெட்டி வீழ்த்தும் கருவி அது என்பதே உட்கருத்து. மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு இலங்கையில் ஆங்கிலம் அதிகாரக் கருவியாய் இயங்குவதை ஆராய்ந்தமை கல்வியுலகம் அறிந்தது. பகிடிவதைக் காலத்தில் ஆங்கிலச் சொல்லை உச்சரிப்போர் தண்டிக்கப்படுவதும், விலையுயர்ந்த உடையும் பாதணியும் விலக்கப்படுவதும், யாவரும் ஒரே மாதிரி எளிய உடையில் வரவேண்டுமென விதிக்கப்படுவதும் இவ்வேதனையின் எதிரொலிகளே.

எனினும் இவ்வாதம் மூன்று இடங்களில் முறிகின்றது.

முதலாவதாக, வதைக்கு உள்ளாவோர் யார் என்று பார்த்தல் வேண்டும். செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு நகரில் உறவினர் வீடு உண்டு. விரிவுரையாளரையும் பொலிஸ் அதிகாரியையும் தெரிந்த தந்தை உண்டு. இறுதியாக, வெளிநாட்டிலோ தனியார் நிறுவனத்திலோ கல்வியைத் தொடரும் வழியும் உண்டு. விடுதியை விட்டால் வேறிடமில்லாத, பட்டத்தை விட்டால் வேறு வழியில்லாத ஏழை மாணவனே வதையை இறுதிவரை தாங்குகின்றான். பட்டத்தைக் கைவிட்டுக் கிராமத்துக்குத் திரும்புவோனும் அவனே. ஒரு குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வந்திருக்கவேண்டியவனை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் ஏழைகளின் சார்பானது என்பது பொருந்தாக் கூற்று.

இரண்டாவதாக, அது கற்பிக்கும் சமத்துவம் எத்தகையது? மாணவியர் கூந்தலைப் பின்னிவரவேண்டும், காற்சட்டை அணியலாகாது, இன்ன நீளத்திற் பாவாடை அணியவேண்டும், ஆண்களிடம் இன்னவாறு பேசவேண்டும் என்னும் விதிகளை நோக்குக. ஏற்றத்தாழ்வை ஒழிப்பதாகக் கூறும் வழக்கம், பெண்ணின் உடல் மீது ஆணாதிக்க மரபு விதித்த கட்டுப்பாடுகளைப் புரட்சியின் பெயரால் மீள விதிக்கின்றது. நிலவுடைமைக் காலத்து ஒழுக்கக் கோவையே அங்கு வர்க்கச் சமத்துவ வேடம் பூண்டு வருகின்றது.

மூன்றாவதாக, இச்சமத்துவம் ஓராண்டு வகுப்பினுள் மாத்திரமே நிலவுவது. ஒரே ஆண்டு மாணவர் தம்முள் சமம். ஆயின் மேலாண்டு மாணவர் முன் யாவரும் தாழ்ந்தோர். பல்வேறு ஏற்றத்தாழ்வுகளை அழித்து ஒரேயோர் ஏற்றத்தாழ்வை அவற்றின் இடத்தில் வைப்பதே இங்கு நிகழ்கின்றது. ‘மாமியார் ஒரு காலம், மருமகள் ஒரு காலம்’ என்பது நம்மவர் பழமொழி. நேற்றைய மருமகள் இன்று மாமியாராவதால் குடும்பத்தின் அடக்குமுறை ஒழிவதில்லை. அதனாலேயே அது தலைமுறை தலைமுறையாய் நிலைக்கின்றது. முதலாமாண்டில் அவமதிக்கப்பட்டவன் இரண்டாமாண்டில் அவமதிக்கும் உரிமையை ஊதியமாகப் பெறுகின்றான். தன் துன்பத்துக்குக் காரணமான அமைப்பை வெறுப்பதற்குப் பதில் அதன் பங்காளியாகின்றான். சாதியமைப்பும் இவ்வாறே ஒவ்வொரு படியினருக்கும் கீழே ஒரு படியைக் காட்டி நிலைபெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நகைப்பின் திசை

இலக்கிய மாணவர் இங்கு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பகிடி மக்களின் பண்பாட்டுக்குப் புதியதன்று. சோவியத் அறிஞர் மிகாயில் பக்தின் 1965இல் வெளியான றாபலே பற்றிய நூலில், மத்தியகால மக்களின் களியாட்ட விழாக்கள் அதிகாரத்தின் இறுக்கமான உலகிற்கு எதிரான இன்னோர் உலகைத் தற்காலிகமாகவேனும் படைத்தன எனக் காட்டினார். முட்டாள் அரசனாவான், அரசன் முட்டாளாவான். அங்கு நடிப்போர், பார்ப்போர் என்னும் பிரிவில்லை. நகைப்போன் தன்னையும் சேர்த்தே நகைப்பான். மாணவரின் ஆரவாரக் கொண்டாட்டங்களையும் அவ்வாறு விளக்க முடியாதா?

நமது நாட்டார் அரங்கை ஒப்புநோக்கின் விடை தெளிவாகும். சிங்களக் கோலம் ஆட்டத்தில் ஆராச்சியும் முதலியாரும் பொலிஸ்காரனும் முகமூடியுடன் வந்து நகைப்புக்கு இடமாவர். நமது கூத்தின் கோமாளி அரசனின் கொலுவிலேயே நின்று அவன் பெருமைகளைப் பகிடி பண்ணுவான். கிராமத்தின் ஒடுக்கப்பட்டோர் தம்மை ஆள்வோரைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த சிறு வெளி அது. அப்பகிடி கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. பகிடிவதையோ மேலிருந்து கீழ்நோக்கி வருவது. அதில் அரசன் முட்டாளாவதில்லை. புதிதாய் வந்தவனே முட்டாளாக்கப்படுகின்றான். அவனுக்குச் சிரிக்கும் உரிமையும் இல்லை. சிரித்தாற் தண்டனை கூடும். நகைப்பு ஒருசாராரின் தனியுடைமையாகும் இடத்திற் களியாட்டம் இல்லை. அங்கிருப்பது விசாரணை மண்டபம்.

மானிடவியலாளர் மாக்ஸ் குளுக்மன் 1954இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தென்கிழக்கு ஆபிரிக்க மக்களிடையே அரசனைத் தூற்றவும் ஒழுங்கைத் தலைகீழாக்கவும் இடந்தரும் சடங்குகளை ஆராய்ந்து, அவை முடிவில் நிலவும் ஒழுங்கையே வலுப்படுத்துகின்றன என்றார். கலகம் சடங்காகும்போது அது புரட்சியாவதில்லை. அவ்வாய்வுக்கு எதிர்வாதங்கள் உண்டெனினும் நமது விடயத்தில் அது பொருந்துகின்றது. பகிடிவதைக் காலத்தின் முடிவில் நடக்கும் வாளி நீராட்டும், விருந்தும், ஆடல்பாடலும் புதுமுக மாணவனை ‘நம்மவன்’ என ஏற்கும் நிகழ்ச்சிகள். அவமதிப்பின் நினைவு கொண்டாட்டத்தின் மகிழ்ச்சியில் கரைக்கப்படுகின்றது. வதைத்தவனே அண்ணன் ஆகின்றான். அந்த உறவில் உண்மையான பாசமும் உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. அப்பாசமே வழக்கத்தைக் காக்கும் வலிய அரண்.

கொண்டாட்டத்துக்கும் வதைக்கும் இடையேயுள்ள எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நடந்தது சான்று. கொண்டாட்டமொன்றின்போது படிக்கட்டின் மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாரிய ரயர் ஒன்று தாக்கி முதலாம் வருட மாணவர் ஒருவர் தலையிற் படுகாயமுற்றார். அத்தகைய ரயரை மாடிப்படியில் உருட்டுவோர், கீழே நிற்பவரைத் தம்மையொத்த மனிதராகக் கருதியிருப்பின் அச்செயல் மகிழ்ச்சியின் ஓர் அங்கமாக அவர்களுக்குத் தோன்றியிராது.

பொருளடிப்படை

வழக்கம் ஒன்று நீடிப்பதற்குக் கருத்து மாத்திரம் போதாது, பொருளடிப்படையும் வேண்டும். புதுமுக மாணவனுக்குச் சிரேட்ட மாணவரின் தயவு ஏன் தேவைப்படுகின்றது? விடுதியில் இடம் அரிது. கிடைத்த அறையைப் பலருடன் பகிரவேண்டும். தாய்மொழியில் நூல்கள் குறைவு. முன்னையோரின் குறிப்புகளே பாடநூல்கள். ஆங்கில மூலம் நடக்கும் பீடங்களிலோ விரிவுரை விளங்காதபோது, சிரேட்ட மாணவர் நடத்தும் ‘குப்பி’ எனப்படும் வகுப்புகளே துணை. 1981இல் உருவான மகாபொல நிதியத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது முதல் பரீட்சை விதிகளை அறிவதுவரை வழிகாட்டுவோர் அவர்களே. அரசும் நிருவாகமும் உரிமையாக வழங்கவேண்டியவற்றைச் சிரேட்ட மாணவர் சலுகையாக வழங்கும் நிலை இது. அரிதான வளத்தைப் பங்கிடுவோர் கையில் அதிகாரம் சேர்வது இயல்பு. வதைக்கு உடன்பட மறுப்போருக்குக் குறிப்பும் இல்லை, குப்பியும் இல்லை, நட்பும் இல்லை. பேராதனையில் அத்தகையோரைக் கிழங்கு என்னும் பொருளுள்ள சிங்களச் சொல்லாற் சுட்டி, நான்காண்டும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் உண்டு. நமது கிராமங்களின் சாதி விலக்குக்கும் இதற்கும் வடிவில் வேறுபாடில்லை.

இதனோடு அரசியலும் இணைகின்றது. மாணவர் ஒன்றியத் தேர்தலில் முதலாம் வருட மாணவர் பெரிய வாக்குத் தொகுதி. அவர்களை ஓர் அணியாகக் கட்டி, அவ்வணியை ஒரு குறித்த அமைப்பின் பின் நிறுத்தும் கருவியாகப் பகிடிவதை பயன்பட்டுள்ளது. அச்சத்தினாற் கட்டப்படும் அணி அரசியல் உணர்வினாற் கட்டப்படுவதன்று. கீழ்ப்படியப் பழகியவர் ஊர்வலத்தில் வருவர், கேள்வி கேளார். கேள்வி கேளாத திரள் எந்தத் தலைமைக்கும் வசதியானது. எந்த விடுதலைக்கும் பயனற்றது. 2002இற் பகிடிவதைக்கு எதிராக இயங்கிய மாணவர் ஒருவர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக வளாகத்திலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தமை, இந்த அதிகாரம் தன்னை வினவுவோரை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதைக் காட்டியது.

சட்டமும் அதன் எல்லையும்

1997இற் பேராதனைப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர் ஒருவர் கடும் உடற்பயிற்சிகளுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டதன் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு விளைப்பதும், மன வேதனையோ அச்சமோ ஏற்படுத்துவதும் பகிடிவதை என அது வரையறுத்தது. குற்றவாளிக்கு இரண்டாண்டு வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ நேர்ந்தாற் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. சட்டம் கடுமையானதே. எனினும் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் வழக்கம் ஒழியவில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையவழி நடந்தபோது, கைத்தொலைபேசி வழியாகவும் அது தொடர்ந்தது.

சட்டம் வேண்டாம் என்பது நமது வாதமன்று. உயிருக்கு ஆபத்து நேரும் இடத்திற் குற்றவியற் சட்டம் தன் கடமையைச் செய்தே ஆகவேண்டும். ஆயின் சாட்சி சொல்லவேண்டிய மாணவன் மறுநாளும் அதே விடுதிக்கு, அதே குறிப்பு வலையத்துக்குத் திரும்பவேண்டியிருக்கும்வரை சட்டம் ஏட்டிலேயே நிற்கும். அன்றியும், ‘ஒழுங்கு’ என்னும் சொல் நம் நாட்டு அரசின் வாயிலிருந்து வரும்போது மாணவர் ஐயுறுவதற்கு வரலாற்றுக் காரணமுண்டு. 1976 நவம்பரிற் பேராதனை வளாகத்திற் பொலிசார் சுட்டதில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 1980களின் இறுதியிற் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடப்பட்டு, எண்ணற்ற மாணவர் காணாமலும் கொல்லப்பட்டும் போயினர். ஒழுங்கின் பெயரால் அரசு புரிந்தவை இவை. வதையைத் தடுப்பதற்கெனத் தரப்படும் அதிகாரம் சுவரொட்டியையும் கூட்டத்தையும் ஒன்றியத்தையும் தடுக்கப் பயன்படலாம் என்னும் அச்சம் வெறும் கற்பனையன்று.

இதனாலேயே முற்போக்காளர் பலர் பகிடிவதை பற்றிப் பேசத் தயங்குகின்றனர்; பேசினால் அது மாணவர் இயக்கத்துக்கு எதிரான சக்திகளுக்குத் துணைபோகும் என்பர். உண்மை நேர்மாறானது. 1980களில் ராகமைத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராகவும், 2010களில் மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு எதிராகவும் இலவசக் கல்வியைக் காக்கப் போராடியது மாணவர் இயக்கமே. அப்போராட்டங்களின் நியாயத்தைப் பொதுமக்கள் மனத்திற் குலைத்ததில் பகிடிவதைக்குப் பெரும் பங்குண்டு. ஒவ்வொரு மரணத்தின் பின்னும் ‘அரச பல்கலைக்கழகம் ஆபத்தானது, பணம் செலவழித்தாவது பிள்ளையை வேறிடம் அனுப்புவோம்’ என்னும் எண்ணம் பெற்றோரிடையே வலுக்கின்றது. கல்வியை விற்பனைப் பண்டமாக்க விழைவோருக்கு இதனினும் சிறந்த விளம்பரம் தேவையில்லை. இலவசக் கல்வியின் பெயராற் பேசுவோர், அதன் வாயிலிலேயே ஏழை மாணவனை அவமதித்துத் திருப்பியனுப்பும் வழக்கத்தைத் தம்மிடையே காத்துக்கொண்டிருக்க முடியாது.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இது. பகிடிவதை ஒழுங்கின் தளர்ச்சியால் விளைந்ததன்று. யார் யாருக்கு வணங்கவேண்டும், என்ன உடுக்கவேண்டும், எம்மொழியிற் பேசவேண்டும், எப்போது சிரிக்கலாம் என்பனவற்றையெல்லாம் விதிக்கும் மிகை ஒழுங்கு அது. குடியேற்றக் காலப் பள்ளியிலிருந்து பெற்ற அதிகாரப் படிநிலையும், நிலவுடைமைச் சமூகத்தின் மூப்பு வழிபாடும், பற்றாக்குறையிற் பிறந்த சலுகைப் பங்கீடும் ஒன்றாகக் கலந்து உருவானது. எனவே மேலும் ஒழுங்கைத் திணிப்பதால் மாத்திரம் அது ஒழியாது. அதனைப் புரட்சி எனப் போற்றுவதால் அது விடுதலையும் ஆகாது.

செய்யவேண்டியவை இரு முனைகளில் உள்ளன. நிறுவனம் தன் கடமையைச் செய்தல் வேண்டும். முதலாம் வருட மாணவர் அனைவருக்கும் விடுதி, தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடக் குறிப்புகள், ஆங்கிலக் கல்விக்கு உண்மையான உதவி, முறைப்பாடு செய்வோருக்குப் பாதுகாப்பு ஆகியன உரிமைகளாக வழங்கப்படின் சலுகையின் அதிகாரம் தானே தேயும். மறுமுனையில், மாணவர் இயக்கம் தன்னுள்ளே ஒரு போராட்டத்தை நடத்தியாகவேண்டும். ‘கடுவ’ எனப்படும் வாளை, அதனை அறிந்து வந்த மாணவனை முழந்தாளிடச் செய்து முறிக்க முடியாது. அம்மொழியை யாவரும் கற்கும் வகைசெய்தே அதன் கூரை மழுக்கலாம். குப்பி வகுப்பை நடத்தும் சிரேட்ட மாணவரின் உழைப்பில் உண்மையான தோழமையின் வித்து உண்டு. வணக்கத்தை விலையாகக் கேளாது அவ்வுழைப்பை வழங்கும் நாளில், இதுகாறும் பேச்சளவில் நின்ற சமத்துவம் வளாகத்துள் நடைமுறையாகும். புதியோரை வரவேற்கும் விழாவும் அன்றுதான் விழாவாகும். அதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் பணமுமன்று, சட்டமுமன்று. நேற்றுத் தான் பட்ட அவமானத்தை இன்று இன்னொருவனுக்குக் கைமாற்றாது தன்னோடு முடித்துக்கொள்ள ஒவ்வொரு ஆண்டு வகுப்பும் மறுப்பதே அத்தடை.